டூபோவின் ஐந்தாவது பக்கம்

சாய்பிரசாத் இரண்டு நாளாகப் பல் துலக்கவில்லை.

"டூபோ வந்தாத்தான் துலக்குவேன்" என்றான்.

"இந்த வாடைக்கு அது வரவே வராது" என்றாள் அவன் அக்கா ரம்யாஸ்ரீ.

அவனுக்கு ஆறு வயது. அவளுக்குப் பத்து. கோச்சடையில் மாடி வீடு அவர்களுடையது. கீழ் வீட்டில் அழகுபாண்டி இருந்தான். அவனும் ரம்யாவும் ஒரே வகுப்பு.

எல்லாம் அழகுபாண்டியால் வந்தது. டூபோ, 'ஏழு தீவு' என்ற வீடியோ கேமில் வரும் விலங்கு. அந்த விளையாட்டின் ஐந்தாம் பாகத்தை அவன் மூன்றே வாரத்தில் முடித்துவிட்டான். முடித்த கையோடு மாடிப்படி ஏறி வந்து சொன்னான்.

"மாப்ள, டூபோ இல்லடா. தீவு முழுக்கச் சுத்திட்டேன். குகை, குளம், மாந்தோப்பு, எல்லாம் பாத்தாச்சு. இந்தத் தடவை அதைத் தூக்கிட்டாய்ங்க போல."

"இருக்கு" என்றான் சாய்.

"இல்லடா."

"அம்மா சொன்னாங்க."

அழகுபாண்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இறங்கிப் போய்விட்டான்.

அம்மா சூடாமணி போன ஆவணியில் இறந்துபோனார். 'ஏழு தீவு' விளையாட்டை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். நான்காம் பாகத்தை முடித்த அன்று சாயை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "இனிமே எத்தனை பாகம் வந்தாலும் டூபோ இருக்கும். நாமதான் தேடணும்."

ஐந்தாம் பாகம் அவர் போன பிறகு வந்தது.

அதில் டூபோ இல்லையென்றால் அம்மா சொன்னது தப்பாகிவிடும். சாய்க்கு அதுதான் விஷயம். அதை அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் பல் துலக்காமல் இருந்தான்.

ரம்யாவுக்குப் புரிந்தது. அன்று மாலை அலமாரியிலிருந்து அம்மாவின் நோட்டை எடுத்தாள்.

அம்மா பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடும் வேலை பார்த்தார். எதையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார். பிறகுதான் கணினிக்குக் கொண்டுபோவார். டூபோவையும் அப்படியே கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தார். ஒரு பாகத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் குறிப்பு.

முதல் பக்கம். டூபோ மஞ்சள் நிறம். பதினான்கு கட்ட அகலம், பன்னிரண்டு கட்ட உயரம். இரண்டு கூர்மையான காது. நெற்றியில் மூன்று பச்சைப் புள்ளி.

முதல் பாகம் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்தது. டி.வி.யில் கேசட் சொருகி விளையாடுவது. அதில் டூபோ திரையின் மூலையில் பூனை அளவில் உட்கார்ந்திருக்கும். ஒன்றும் செய்யாது. எல்லாரும் அதைப் பொம்மை என்று நினைத்துத் தாண்டி ஓடினார்கள். ஒருநாள் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் டூபோ வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

கீழே எழுதியிருந்தது: 'அசையாமல் ஒரு நிமிடம் இருந்தால் கொட்டாவி விடும்.'

இரண்டாம் பக்கம். இதில் டூபோ ஒரு மாடு அளவு. ஆற்றைக் கடக்க முதுகில் ஏற்றிக்கொள்ளும். அவசரப்படுத்தினால் நடு ஆற்றில் உட்கார்ந்துவிடும்.

மூன்றாம் பக்கத்தில் டூபோவே இல்லை. காலடித் தடம் மட்டும். ஒவ்வொன்றும் வண்டிச் சக்கரம் அளவு. பனி மூடிய தீவில் அந்தத் தடங்களைத் தேடிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒரு மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால், தடங்கள் எல்லாம் நமக்குப் பின்னால் இருக்கும். நாம் அதைத் தேடிப் போகவில்லை. அதுதான் நம் கூடவே வந்திருக்கிறது. பனிமூட்டத்துக்கு மேலே இரண்டு காது நுனி தெரியும். அவ்வளவுதான். அந்த இடம் வந்தபோது ரம்யாவின் கையெல்லாம் புல்லரித்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்தார்.

நான்காம் பக்கம். டூபோ ஒரு வீடு அளவு வளர்ந்திருந்தது. பெருமழையில் நாம் நனையும்போது ஒரு காதை மடித்து நம் மேல் குடையாகப் பிடிக்கும். மழை விடும் வரை அதன் கீழே நிற்கலாம். வேறு வேலை இல்லை. மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு நிற்கலாம்.

ஐந்தாம் பக்கம் வெறும் கட்டங்கள். மூலையில் '5' என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மா எப்போதும் அடுத்த பக்கத்துக்கு முன்கூட்டியே எண் போட்டு வைப்பார்.

ரம்யா இணையத்திலும் தேடிப் பார்த்தாள். எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் டூபோ கிடைக்கவில்லை. பாறைக்கு அடியில் இருக்கும் என்றார் ஒருவர். செத்துப்போய்விட்டது என்றார் இன்னொருவர். அந்தப் பக்கத்தை அவள் உடனே மூடிவிட்டாள்.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டார் அப்பா ராஜகுரு. அறை வாசலிலேயே நின்றார். அம்மாவின் மேசையும் டி.வி.யும் இருக்கிற அறை அது. ஒரு வருடமாக அவர் அதற்குள் வருவதில்லை.

"டூபோவைத் தேடுறோம்."

"ம்" என்றார். தோசை கருகும் வாடை வந்தது. போய்விட்டார்.

சனிக்கிழமை அழகுபாண்டியின் அம்மா நாகஜோதி மேலே வந்தார்.

"அண்ணே, நாளைக்கு எங்க குலசாமிக்குப் பொங்க வைக்கிறோம். நாகமலை அடிவாரத்துல. நீங்களும் பிள்ளைகளும் வாங்க."

"எனக்கு வேலை இருக்கு" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

அப்பா யோசித்தார். வேலை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"கூட்டிட்டுப் போறேன். ஆனா இவன் பல்லு துலக்குனாத்தான் வண்டியில இடம்."

சாய் ஓடிப்போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். "கொப்பளிச்சா துலக்குனதா ஆகாது. சபதம் அப்படியே இருக்கு" என்று அக்காவின் காதில் சொன்னான்.

கோச்சடை மொட்டை மாடியில் நின்றால் மேற்கே நாகமலை தெரியும். வானத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு பாம்பு படுத்திருப்பது போல இருக்கும். சாய் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் பல் துலக்குவான். பல் துலக்காத இந்த நாட்களில் அதைப் பார்க்காதது மட்டும்தான் அவனுக்கு வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் 'குட்டியானை' சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் பானை, விறகு, கரும்போடு ஏறிக்கொண்டார்கள். வண்டி மேலக்கால் சாலையில் போனது. அடிவாரத்தில் இறங்கியதும் நாகஜோதி அடுப்பு மூட்டினார். பிள்ளைகள் மூவரும் கொஞ்சத் தூரம் மேலே ஏறினார்கள்.

கல். முள்ளுச் செடி. வெயிலில் படுத்திருந்த இரண்டு ஆடு.

சாய் சுற்றும் முற்றும் பார்த்தான். "பாம்பு எங்க?"

அழகுபாண்டி சிரித்தான். "நீ நிக்கிறதே அது மேலதான் மாப்ள."

"இது கல்லு."

"பக்கத்துல வந்தா கல்லுதான். உங்க மாடியில இருந்து பாத்தா பாம்பு."

"இப்ப நான் எந்த இடத்துல நிக்கிறேன்?"

"கழுத்துப் பக்கம்னு வச்சுக்க."

சாய் மெதுவாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டான்.

ரம்யா சிரிக்கவில்லை. கரும்பைக் கடித்தவள் கடித்தபடியே நின்றாள். பூனை. மாடு. வண்டிச் சக்கரம் அளவு காலடி. வீடு. ஒவ்வொரு பாகத்திலும் டூபோ பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது.

"அழகு, நீ தீவுல எங்கெல்லாம் தேடுன?"

"எல்லா இடத்துலயும்தான். எம்புட்டு தடவை சொல்றது?"

"தீவை விட்டு வெளிய போய்ப் பாத்தியா?"

"படகுல ரெண்டு தடவை போனேன். கடலுக்குள்ள ஒரு சிவப்பு மிதவை இருக்கு. அதைத் தாண்டுனா நம்மளைத் தூக்கிக் கரையில போட்டுரும். அங்க ஒண்ணுமில்ல. வெறும் மூட்டம்."

"திரும்பிப் பாத்தியா?"

"எதை?"

"தீவை."

"தீவைத்தான் மூணு வாரமாப் பாக்குறேனே" என்றான் அழகுபாண்டி.

மாலை வீட்டுக்கு வந்ததும் ரம்யா விளையாட்டைப் போட்டாள். படகில் ஏறினாள். சிவப்பு மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள். படகைத் திருப்பினாள்.

மூட்டம். சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் போல. தீவு தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்ல" என்றான் அழகுபாண்டி. ஆனால் சாயின் முகத்தைப் பார்த்ததும், "வேணும்னா நாளைக்கும் பாப்போம்" என்று சேர்த்துக்கொண்டான்.

ரம்யா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். சாயும் பின்னாலேயே வந்தான். மேற்கு வெயிலில் கண் கூசியது. புழுதியும் புகையுமாக இருந்தது. நாகமலை இருக்கும் இடமே தெரியவில்லை.

"பாம்பைக் காணோம்" என்றாள்.

"சாயங்காலம் தெரியாதுக்கா."

"எப்பத் தெரியும்?"

"பல்லு துலக்குறப்ப" என்றான் சாய்.

ரம்யா கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

'ஏழு தீவு' விளையாட்டில் பொழுது நம் வீட்டுக் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடும். இங்கே மாலை என்றால் அங்கேயும் மாலை. இங்கே விடிந்தால்தான் அங்கே விடியும்.

திங்கட்கிழமை காலை ஆறே கால். அழகுபாண்டி வாயில் பிரஷ்ஷோடு மேலே வந்தான். நுரை சட்டையில் சொட்டியது.

"பள்ளிக்கூட நாள்ல நான் இம்புட்டு சீக்கிரம் முழிச்சு எங்கம்மா பாத்ததே இல்ல. நெத்தியைத் தொட்டுப் பாத்துச்சு" என்றான்.

ரம்யா படகை எடுத்தாள். கடல் வெளிறிய பொன் நிறத்தில் இருந்தது. மிதவை தெரிந்தது.

"நிறுத்து, நிறுத்து. இன்னும் ரெண்டு முழம் போனா கரைதான்" என்றான் அழகுபாண்டி.

நிறுத்தினாள். திருப்பினாள்.

மூட்டம்தான். நேற்றை விட மெல்லியதாக இருந்தது. ஆனால் மூட்டம்தான்.

சாய் நோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

ரம்யா அந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்ற?" என்றான் அழகுபாண்டி.

"ஒண்ணும் பண்ணல. ஒரு நிமிஷம் ஒண்ணும் பண்ணக் கூடாது."

காத்திருந்தார்கள். படகு ஆடியது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது.

"நாப்பது" என்றது ஒரு குரல்.

அப்பா. காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பது" என்றார்.

மூட்டம் அசைந்தது. சேலையை ஓரத்தில் பிடித்து மெதுவாக விலக்குவது போல ஒரு பக்கமாக விலகியது. வெயில் விழுந்தது.

தீவு முழுவதும் தெரிந்தது.

வடக்கே இருந்த இரண்டு கூர்மலைகள் காதுகள். நடுவில் இருந்த நீண்ட மேடு முதுகு. மூன்று நெல் வயல்கள் நெற்றியில் மூன்று பச்சைப் புள்ளிகள். முன்னே நீண்ட இரண்டு கடற்கரைகள், மடக்கி வைத்த இரண்டு முன்னங்கால்கள். அவற்றின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அது படுத்திருந்தது. வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படுத்திருந்தது.

சாய் நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தான். டி.வி. பக்கத்தில் தூக்கிப் பிடித்தான். பதினான்கு கட்டம், பன்னிரண்டு கட்டம். அதே காது. அதே புள்ளி.

"அக்கா, அது மூச்சு விடுது" என்றான் மெதுவாக.

ஆமாம். கரையில் தண்ணீர் ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. மூன்று வாரமாக அதை அலை என்று நினைத்திருந்தார்கள்.

"அறுபது" என்றார் அப்பா.

இரண்டு குளங்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. கண்கள். அது அவர்களைப் பார்த்தது. பிறகு மலையடிவாரத்துக் குகை அகன்றது. இன்னும் அகன்றது. மரங்களெல்லாம் சாய்ந்தன. பறவைகள் கூட்டமாக எழுந்தன. தீவு மிக நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது.

அந்தக் காற்றில் படகு பின்னால் தள்ளப்பட்டது. மிதவையைத் தாண்டியது. அடுத்த நொடி அவர்கள் கரையில் இருந்தார்கள். காலுக்குக் கீழே மணல். எப்போதும் போல அதே மணல்.

"அந்தக் குகைக்குள்ள நான் ஒரு ராத்திரி தூங்குனேன்" என்றான் அழகுபாண்டி. "தீ வேற மூட்டுனேன்."

"அதான் முழிச்சிருச்சு" என்றான் சாய்.

"இல்லடா. பாவம் அது. ஒண்ணும் சொல்லல பாரு." அழகுபாண்டி பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். "மாப்ள, நான் சொன்னது தப்பு. உங்க அம்மா சொன்னது சரி."

சாய் பெரிய மனிதனைப் போலத் தலையசைத்தான்.

அப்போதுதான் ரம்யா கவனித்தாள். அப்பா அறைக்குள் வந்திருந்தார். தரையில், அம்மா வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிருந்தது. டி.வி.யில் தெரிந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மணல்லதான் தினமும் நடந்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"தெரியாமலே?"

"தெரியாமலே."

அப்பா கையை நீட்டினார். "நோட்டைக் குடு."

ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தார். மேசையிலிருந்து பென்சிலை எடுத்து ரம்யாவிடம் கொடுத்தார்.

ரம்யா யோசித்தாள். இவ்வளவு பெரியதை இந்தப் பக்கத்தில் எப்படி வரைவது? சின்னதாக வரைந்தால் அது பழைய டூபோ ஆகிவிடும். கடைசியில் மஞ்சள் பென்சிலால் ஒரு கட்டம் விடாமல் பக்கம் முழுவதையும் நிரப்பினாள். நால்வரும் மாறி மாறி நிரப்பினார்கள். கீழே சின்ன எழுத்தில் எழுதினாள்: 'இது இடது காதில் ஒரு முடி. மீதி நோட்டுக்கு வெளியே.'

"பள்ளிக்கூடம்" என்று கீழிருந்து நாகஜோதியின் குரல் கேட்டது. அழகுபாண்டி படிகளில் தடதடவென்று ஓடினான்.

சாய் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்துத் துலக்குவதாகச் சொல்லியிருந்தான். வெகுநேரம் சத்தமே இல்லை. ரம்யாவும் அப்பாவும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள்.

அவன் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றிருந்தான். வாயில் நுரை. பிரஷ் அப்படியே நின்றிருந்தது. காலை வெயிலில் நாகமலை தலை முதல் வால் வரை தெளிவாகத் தெரிந்தது.

"என்னடா சிலை மாதிரி நிக்கிற?" என்றாள் ரம்யா.

சாய் திரும்பவில்லை. உதட்டை மட்டும் அசைத்தான்.

"ஷ்ஷ். ஒரு நிமிஷம்."

ரம்யா அவன் பக்கத்தில் போய் அசையாமல் நின்றாள். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பரவாயில்லை என்று வாய்க்குள்ளேயே எண்ணத் தொடங்கினார்.